மல்லிகா, சேலம்

கூட்டமில்லாத பட்டுக்கடைக்குள் காஞ்சிபுரத்தில் ஈ கூட நுழையாது. காந்தி ரோட்டில் புதிதாகக் கடை திறக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் மச்சினி, கொழுந்தியாள், மச்சினியின் ஓரகத்தி என்று உறவுக்காரப் பெண்களையெல்லாம் பட்டு உடுத்திக் கூட்டிவந்து ஜமக்காளத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். அவர்களும் ஐம்பது புடவையைப் பிரித்துப்போட்டு, "இந்த பார்டர் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா தேவலை" என்று உதட்டைப் பிதுக்கி, சாயங்காலம் டிபன் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேருவார்கள். மெட்ராசிலிருந்து வந்து இறங்குகிற நிஜ வாடிக்கைக்காரர், அட, இங்கே இவ்வளவு கூட்டமா என்று செருப்பைக் கழற்றுவார். இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை, வியாபாரம் என்றுதான் சொல்வார்கள்.

கலாவதி செய்ததும் அதைத்தான். ஆனால் அவளிடம் விற்க எதுவும் இருக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் திருஞானசம்பந்தத்தின் மனைவி அவள். வயது நாற்பத்து மூன்று. 2002 மாசியில் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாசற்படியிலேயே வைத்தார்கள், காப்பி வேண்டாம், இப்பத்தான் குடிச்சோம் என்றார்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் சொன்னது அவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன, அவள் வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்க வேண்டுமே. அடுத்த வாரத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நோயின் பெயரையும் யாரும் வாயால் சொல்லவில்லை. "அது இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்பார்கள், ஏதோ அவள் நாய்க்குட்டி வளர்க்கிற மாதிரி.

சம்பந்தம் கெட்ட மனுஷன் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலைந்தவர், மருந்து வேளை தப்பாமல் எடுத்துக் கொடுத்தவர். ஆனால் அவள் வாயைத் திறந்து, "ஏங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று ஆரம்பித்தால் போதும், கை தானாகப் போய் ரேடியோவைத் திருகும். படுக்கையைத் தறிமேடைப் பக்கம் மாற்றிக்கொண்டு, அவளுக்குக் காற்று வேண்டும் என்றார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "உடம்பு பரவாயில்லையாம்மா?" என்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள், "அப்பா கிட்ட குடு" என்பான். இப்படி ஒரு வீட்டில் சுவருக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. சுவருக்காவது பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கத் தொடங்கியது. உடலையும் பார்டரையும் தனித்தனியாக நெய்து கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும், தறியின் மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள அவளால் முடியவில்லை, அதற்கு ஓர் ஆள் வைத்தார்கள். அவளுக்கு மிஞ்சியது நாடாவுக்குள் வைக்கிற நூலைத் தார் சுற்றுவதும் சீட்டு எழுதுவதும். தறியிலிருந்து அறுத்த புடவையை மடிக்கும்போது, தறி எண், எடை, நெய்தவர் பெயர் எழுதிய ஒரு சின்னச் சீட்டை உள்ளே வைப்பார்கள். கைத்தறி என்பதற்கு அது சாட்சி என்பதால் கடைக்காரர்களும் அதை எடுப்பதில்லை. முதலாளி சிட்டிபாபுவின் இருபத்திரண்டு தறிக்கும் அவள்தான் எழுதினாள். பத்தாவதோடு தமிழ் டைப்ரைட்டிங் லோயர் கிரேடும் பாஸ் செய்தவள், கையெழுத்தும் முத்து.

வீங்கின கைக்கு என்ன செய்வது என்று கேட்கத்தான் முதன்முதலில் ரங்கசாமி குளத்துப் பக்கம் சங்கீதாவின் ப்ரவுசிங் சென்டருக்குப் போனாள். சங்கீதாவுக்கு இருபத்தாறு வயது. வாய் நீளம், மனசு அதைவிட நீளம். இங்கிலீஷில் தேடி, எங்கோ வெளிநாட்டில் இதே நோய் வந்த பெண்கள் ஒன்றுகூடிப் பேசும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இங்க ஒரு அம்மா உங்கள மாதிரியே கை வீங்குதுன்னு எழுதி இருக்குது. அதுக்கு நாப்பது பேர் பதில் போட்டிருக்காங்க."

"நாப்பது பேரா?"

"நாப்பது பேரு. கைய தலகாணி மேல தூக்கி வெச்சிப் படுக்கச் சொல்றாங்க."

"எல்லாத்தையும் படிம்மா" என்றாள் கலாவதி. நாற்பதையும் சங்கீதா படித்துத் தமிழில் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கையைப் பற்றி எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவள் அழவில்லை. ஒரு பெண் கேட்டதற்கு நாற்பது பேர் எழுந்து நின்றிருக்கிறார்களே என்று அழுதாள்.

தமிழில் அப்படி ஓர் இடத்தைச் சங்கீதா தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று 2004 தை மாதம் இருவரும் இன்டர்நெட்டில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். பெயர் "பேசலாம்". விதிகளைக் கலாவதியே டைப் அடித்தாள். யாரும் சொந்த ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, கேட்டால் மட்டும் சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சப்படக்கூடாது. எழுதி முடித்துவிட்டுத் தினம் மத்தியானம் தறிக்காரர்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தாள். இரண்டு மாதம் பார்த்தாள். உறுப்பினர்கள் இரண்டு பேர், ஒருத்தி அவள், இன்னொருத்தி சங்கீதா.

"காலியா இருக்குற கடைக்குள்ள எவ வருவா?" என்றாள் ஒருநாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கே வழி தெரிந்துவிட்டது.

இப்படித்தான் திருச்சி கோதை பிறந்தாள், தூத்துக்குடி பாக்கியம் பிறந்தாள். கடைசியாக சேலம் மல்லிகா. மூவருக்கும் தனித்தனி மெயில், தனித்தனி பாஸ்வேர்டு. கோதை எதற்கெடுத்தாலும் சாமி என்பாள். பாக்கியத்துக்குச் சாப்பாட்டுக் கவலை, வாய்ப்புண்ணுக்கு மோர்ச்சாதம் ஆகுமா ஆகாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மல்லிகாவோ அடாவடிக்காரி. நோய் வந்து ஒன்பது வருஷம் ஆகியும் கல் மாதிரி இருக்கிறவள். "முடி கொட்டிச்சா? கொட்டட்டும், சீயக்காய் மிச்சம்" என்று எழுதுவாள். மல்லிகாவின் புருஷன், மருந்து வாசனையில் அவள் சாப்பாட்டைத் தள்ளினபோது அதே தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு அவளையும் சாப்பிட வைத்தவன். யாருக்கும் இல்லாத புருஷனைப் படைக்கிறோம் என்று தெரிந்துதான் கலாவதி படைத்தாள்.

"இன்னிக்கு யாரா உள்ள போறீங்க அக்கா?" என்று சங்கீதா சிரிப்பாள்.

"கோதைக்கு மூணு நாளா பேச்சில்ல. அவளையே உள்ள வுடு" என்பாள் கலாவதி. மூன்று பெண்களையும் சண்டை போடவிட்டு, சமாதானம் செய்துவைத்து, குரூப் களைகட்டிவிட்டது. பொய்யான கூட்டம்தான். ஆனால் வீட்டில் வாய் திறந்து பேச முடியாததையெல்லாம் இந்த மூன்று வாயாலும் பேசிவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியது.

கடையில் கூட்டம் தயார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட வேண்டாமா? சித்திரை மாதத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். புடவையைப் பிரிக்கிறவள் எப்படியும் ஒரு பெண்தானே என்று, சீட்டுகளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள்: "மார்பில் கட்டி, புற்றுநோய் வந்தவர்கள் கூச்சமில்லாமல் பேச ஓர் இடம்." கீழே குரூப்பின் முகவரி. கல்யாணத்தில் இது போய் நிற்கக்கூடாது என்ற புத்தி அவளுக்கும் இருந்தது. அரக்குப் புடவைக்கும் மஞ்சள் புடவைக்கும் எழுதவில்லை, அவைதானே கூரைப்புடவை. மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் நிறம் என்று மற்றதற்கு மட்டும் எழுதினாள். காலையிலிருந்து மாலை வரை தறியோரமே உட்கார்ந்திருக்கிறவளுக்கு, இந்தக் காலத்துப் பெண்கள் முகூர்த்தத்துக்கே கத்தரிப்பூ கேட்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

ஆவணியில் போளூரில் ஒரு கல்யாணம். தாலியும் கூரைப்புடவையும் வைத்த தட்டு ஆசிக்காகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் அட்சதை போட்டுப் புடவையைத் தொட்டுக் கும்பிட, மடிப்பிலிருந்து சீட்டு அவர் மடியில் விழுந்தது. ஏதோ மாப்பிள்ளை வீட்டு வாழ்த்துச் சீட்டு என்று நினைத்து, மனுஷர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டாராம். பெண்ணைப் பெற்றவள் சீட்டைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டு, மண் வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாளாம். இதையெல்லாம் மறுநாள் சிட்டிபாபு செருப்பைக் கூடக் கழற்றாமல் கலாவதியின் வாசலில் நின்று சொன்னார்.

"முப்பது வருஷத் தொழில்மா. மங்கலப் பொருள்ல இதையா எழுதி வெப்பாங்க? உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா இதையே நெனச்சுக்கினு இருக்குமே."

கலாவதிக்கு அது உறைத்தது. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். சிட்டிபாபு போனதும் சம்பந்தம் தலை குனிந்தபடியே, "இனிமே சீட்டு நீ எழுத வேணாம் கலா" என்றார். அவ்வளவுதான். அது என்ன இடம், அங்கே யாரோடு பேசுகிறாய், என்ன பேசுகிறாய் என்று கேட்பார் என்று அவள் ராத்திரி சாப்பாடு வரை காத்திருந்தாள். ரசத்துக்கு உப்பு பத்தவில்லை என்றார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் குரூப்பைத் திறந்தால், உறுப்பினர்கள் ஆறு பேர் என்று இருந்தது. கலாவதி விரல் விட்டு எண்ணினாள். தான், சங்கீதா, கோதை, பாக்கியம், மல்லிகா. ஆறாவது யார்?

"மல்லிகா அக்காவுக்கு வணக்கம்" என்று தொடங்கியிருந்தது கடிதம். "என் பேர் செல்லியம்மாள். பேர் சொல்ல வேணாம்னு போட்டிருக்கீங்க. ஆனா பேர் சொல்லாம எனக்கு எழுத வரலை. போளூர் பக்கம் யூனியன் ஆபீசுல கிளார்க்கா இருக்கேன். என் பொண்ணு கல்யாணத்துல உங்க சீட்டு விழுந்துச்சி. மண்டபத்துல எல்லாரையும் விட அதிகமா கத்துனது நான்தான். கிழிச்சிப் போட்டதும் நான்தான். கிழிச்சாலும் அட்ரஸ் மனசுல நின்னுபோச்சி. எனக்கு எட்டு மாசமா வலது பக்கம் கட்டி இருக்குது. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். இப்போ பொண்ணு முழுகாம இருக்குறா, வளைகாப்பு முடியட்டும்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லலை. இங்க நீங்க எல்லாம் எழுதுறத மூணு மாசமா படிக்கிறேன். உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆயிடுச்சின்னு எழுதி இருந்தீங்க. நெஜமாவே ஒன்பது வருஷமா அக்கா?"

கலாவதி அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆனது இரண்டே முக்கால் வருஷம்.

"அக்கா, உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் சங்கீதா. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"சொன்னா? இங்க ஒருத்தியும் இல்ல, ஒரு பைத்தியக்காரி தனக்குத்தானே பேசிக்கினு கெடக்குறான்னு மூடிட்டுப் போயிடுவா. அவ கட்டி அவளோடயே போவும்."

கலாவதியாக எழுதினால் தயங்கித் தயங்கித்தான் எழுதுவாள். மல்லிகாவுக்கு ஏது தயக்கம். "நெஜமாத்தான். ஒன்பது வருஷம், மூணு மாசம்" என்று அடித்தாள். "வளைகாப்புக்குக் காத்திருந்தா பேரப்பிள்ளையைப் பாக்க நீ இருக்க மாட்டே. இப்பவே போனா பொண்ணு சபிக்க மாட்டா, போவலைன்னா நான்தான் சபிப்பேன். வர்ற திங்கக்கெழம மெட்ராஸ் போ. என்னால சேலத்துலேந்து வர முடியாது. எங்க குரூப்பு கலாவதி காஞ்சிபுரத்துல இருக்குறா, அவ வருவா."

செல்லியம்மாள் வந்தாள். புருஷனிடம் காமாட்சியம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கலாவதியோடு மெட்ராஸ் பஸ் ஏறினாள். குள்ளமான உருவம், சிவந்த முகம். வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்ததும் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கின கை, வலித்தது. கலாவதி இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்தில் நர்சுகளைத் தவிர அவள் கையை யாரும் பிடித்ததில்லை.

"உங்களை நான் சாபம் வுட்டேன்" என்றாள் செல்லியம்மாள். "நாசமாப் போவணும்னு."

"நான் பண்ணதும் தப்புதாம்மா."

"மல்லிகா அக்கா எப்படி இருப்பாங்க? உசரமா?"

கலாவதிக்கு வாய் வரை வந்தது. இப்போதே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போலவே நானும் தனியாகத்தான் கிடந்தேன், கிடக்க மாட்டாமல்தான் மூன்று பேரைப் பெற்றேன் என்று எல்லாவற்றையும் கொட்டலாம். கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதானே இத்தனை பாடும். செல்லியம்மாள் பர்சைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மல்லிகாவின் கடிதத்தை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வைத்திருந்தாள். "பயம் வந்தா இத எடுத்துப் படிப்பேன்" என்றாள். உள்ளே நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை, கலாவதியின் முகத்தையே பார்த்தாள்.

"உசரம்தான்" என்றாள் கலாவதி. "நல்ல கட்டுமஸ்தான ஒடம்பு. போ, கூப்புடுறாங்க பாரு."

அது அதுவேதான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் வைத்தியத்துக்குக் காலம் தப்பிவிடவில்லை. தையில் ஆபரேஷன், பிறகு மருந்து. அந்த வார்டில் படுத்தபடியே செல்லியம்மாள் குரூப்புக்கு ஆள் சேர்த்தாள். பக்கத்துக் கட்டில் விழுப்புரத்துக்காரி, எதிர்க் கட்டில் டீச்சர், டீச்சரின் நாத்தனார். "ஒன்பது வருஷமா இருக்குறவங்க இருக்காங்க அங்க" என்று சொல்லித்தான் சேர்த்தாள். ஆனி பிறப்பதற்குள் நாற்பத்தேழு பேர் ஆகிவிட்டார்கள். ராத்திரி பகல் இல்லாமல் கடிதம் வந்தது. வாந்தி, வாய்ப்புண், விக், மாமியார், தூக்கமில்லாமை எல்லாம் வந்தது. கலாவதி ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. எல்லாக் கடிதமும் மல்லிகாவுக்கு வந்தது, அதுதான் அவள் எதிர்பார்க்காதது.

கலாவதி எழுதினால் இரண்டு பேர் "நன்றி அக்கா" என்பார்கள். அவள் குரூப்பை நடத்துகிறவள், விதி சொல்கிறவள், பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி. செல்லியம்மாள் கூட ஒருமுறை போனில் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "நீங்க நல்லவங்கதான் அக்கா, எனக்காக வந்தீங்க, மறக்க மாட்டேன். ஆனா மல்லிகா அக்கா கிட்ட பேசுனாத்தான் மனசு ஆறுது." கலாவதி ஆமாம் என்றாள். அன்று மத்தியானம் மல்லிகாவாகப் பதினொரு கடிதத்துக்குப் பதில் போட்டாள். கோதையையும் பாக்கியத்தையும் ஊருக்கு அனுப்பிவிடலாம், கேட்க நாதியில்லை. மல்லிகாவை மட்டும் ஒருநாள் கூட நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் எழுதாவிட்டால், மல்லிகா அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கடிதம் குவிந்தது.

ஆடியில் கலாவதிக்கு முதுகு வலித்தது. தார் சுற்றிச் சுற்றி வந்த வலி என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முதுகெலும்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "ஏங்க" என்றாள். சம்பந்தம் ஏறிட்டுப் பார்த்தார். பார்த்ததில் பயம் இருந்தது, அவளுடைய பயத்தைவிடப் பெரிய பயம். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் சங்கீதாவின் சென்டருக்குப் போய் ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கலாவதியாகவே உள்ளே போனாள். சுற்றி வளைக்காமல் எழுதினாள். "எனக்கு முதுகுல வலி இருக்குது. திரும்ப வந்திருக்குமோன்னு ஸ்கேன் எடுக்கச் சொல்லி இருக்காங்க. ரொம்ப பயமா இருக்குது. வீட்டுல சொல்ல முடியலை. யாராவது என்கிட்ட பேசுங்க."

அனுப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வந்தது. நாற்பத்தேழு பேர் இருக்கிறார்கள், சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தூங்கினாள். வியாதி வந்த நாளிலிருந்து இப்படித் தூங்கினதில்லை.

மறுநாள் போனபோது பதினான்கு பதில்கள் வந்திருந்தன. முதல் பதில் செல்லியம்மாளுடையது.

"அக்கா, படிச்சிட்டு அழுதுட்டேன். எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க மல்லிகா அக்கா கிட்ட கேளுங்க. எனக்குப் பயம் வந்தப்போ அவங்கதான் தூக்கி வுட்டாங்க. உங்களுக்கும் சொல்வாங்க. ஒடனே பதில் போடுவாங்க."

அடுத்தது விழுப்புரத்துக்காரி. ஆமாம், மல்லிகா அக்கா சொன்னால் தைரியம் வரும் என்றிருந்தாள். டீச்சர், இன்னும் ஏன் மல்லிகா எழுதவில்லை என்று கேட்டிருந்தாள். பதினான்கு பேரும் அழுதிருந்தார்கள், வேண்டிக்கொண்டிருந்தார்கள், முடிவில் மல்லிகாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் இருந்தவள் அவளையே நேராகக் கூப்பிட்டிருந்தாள். "மல்லிகா அக்கா, எங்க இருக்கீங்க? கலாவதி அக்கா காத்துக்கினு இருக்காங்க."

சங்கீதா தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கலாவதி தண்ணீரைக் குடித்தாள். தன் பெயரிலிருந்து வெளியே வந்து, மல்லிகாவின் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனாள். "அன்புள்ள கலாவதி" என்று டைப் அடித்துவிட்டு, மல்லிகா ஏதாவது சொல்வாள் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.